கருப்பட்டி நிறத்துக்கு ஒரு பிரிண்ட்

எனக்கு இரண்டு பிழைப்புகள். முகூர்த்த நாட்களில் கல்யாணப் படம், மற்ற நாட்களில் துறைமுகத்தில் சேதாரப் படம். முதலாவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொன்னால் சொந்தக்காரர்களே முழிப்பார்கள். கப்பலில் வந்த மூட்டை நனைந்திருந்தாலோ கன்டெய்னர் நசுங்கியிருந்தாலோ இன்சூரன்ஸ்காரர்களுக்குக் காட்டப் படம் வேண்டும். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் ஹெல்மெட்டோடு முன்னால் போவார், நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அவர் கைகாட்டியதை எடுக்க வேண்டும், ஆனால் அழகாக எடுக்கக் கூடாது. வந்த புதிதில் ஒருநாள் சாயங்கால வெயில் பட்டு ஒரு துருப்பிடித்த கன்டெய்னர் தங்கமாக மின்னியது. ஆசைப்பட்டு எடுத்துவிட்டேன். சர்வேயர் அதைப் பார்த்துவிட்டு, “இதுல துரு எங்கம்மா இருக்கு? காலண்டர்ல போடுத மாதிரில்லா இருக்கு,” என்றார்.

அதிலிருந்து துறைமுகத்தில் உள்ளதை உள்ளபடி எடுக்கப் பழகிக்கொண்டேன். மண்டபத்தில் அப்படி எடுத்தால் பெண்ணின் அம்மா சண்டைக்கு வந்துவிடுவார். எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களை மட்டும் பார்த்த ஒருவர், இந்தக் கடற்கரையில் வெயிலே அடிப்பதில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை, பெண், மாமியார் தொடங்கி நாதஸ்வரக்காரர் வரை எல்லோரும் பாலில் குளித்து வந்தவர்கள். என் கல்யாண ஆல்பத்தில் நானும் அப்படித்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, “இந்தப் புள்ளையத்தான் எனக்குப் பேசினாவ. மணவறையில மாத்தி உக்கார வச்சிட்டாவ,” என்பார். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் வருவதில்லை.

இந்தக் கதையில் வரும் அக்கா எனக்கு உறவில்லை. கப்பல் சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கஸ்டம்ஸ் தாள்களோடு மல்லுக்கட்டுகிறவர். நான் எடுக்கும் சேதாரப் படங்கள் அவர் மேஜை வழியாகத்தான் போகும். ஒருநாள் படங்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஏளா, பெயிண்டிங்க போட்டோ எடுத்து அதே மாதிரி பிரிண்டு போட முடியுமா?”

“யாரு வரைஞ்ச பெயிண்டிங்?”

“நாந்தான்.”

அவருக்கு வரையத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பெயிண்டில் வரைவாராம். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் ஆளுக்கொரு சாமி படம் கேட்பார்களாம்.

“அதுக்குன்னே மெட்ராஸ்ல ஆள் இருக்காவளே அக்கா. நான் கல்யாணத்துக்குல்லா போறவ.”

“கல்யாணத்துக்குப் போறவ எனக்கு வேண்டாம். உன் போட்டோவுல நனைஞ்ச மூட்டை எது, காஞ்ச மூட்டை எதுன்னு பாத்த உடனே தெரியுது. நான் வரைஞ்ச எங்க அம்மையையும் அப்பிடி எடுத்துத் தா.”

இதைவிடப் பெரிய பாராட்டை அதற்கு முன்பும் பின்பும் எனக்கு யாரும் தந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் வீடு துறைமுகச் சாலைக்குப் பின்னால், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். உள்ளறையில் படம் சுவரில் மாட்டியிருந்தது. மளிகைக் கடைக் கல்லாவில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருட்டான அலமாரிகள். கத்தரிப்பூ நிறச் சேலை. கடை வாசலிலிருந்து வரும் வெளிச்சம் நெற்றியிலும் மூக்கிலும் ஒரு கன்னத்திலும் மட்டும் விழுகிறது. நல்ல கறுப்பு. அந்த முகத்தில் வேர்வை மினுமினுக்கிறது. ‘என்ன வேணும், சீக்கிரம் சொல்லு’ என்று கேட்கிற பார்வை. எனக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்க வேண்டும் போலிருந்தது.

படத்தின் கதையை அக்கா காப்பி போட்டுக்கொண்டே சொன்னார். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாதான் கடையில் உட்கார்ந்து பிள்ளைகள் எல்லோரையும் ஆளாக்கினார். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது கடை மூத்த அண்ணனிடம். கடையிலும் அண்ணன் வீட்டு ஹாலிலும் அம்மாவின் படம் மாலையோடு இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஸ்டூடியோவில் எடுத்துத் திருத்திய படம் அது. அந்த ஸ்டூடியோக்காரர் முகத்தை ரோஜா நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டு, மடியிலிருந்த கைகளை மறந்துவிட்டார். முகம் ஒருவருக்கும் கை இன்னொருவருக்கும் சொந்தம் போல இருக்கும்.

“எங்க அம்மைக்கு அம்மை நெறத்துல ஒரு படங்கூட கெடையாதுளா,” என்றார் அக்கா. “கல்யாணத்துல எடுத்ததும் அப்பிடித்தான், ரேசன் கார்டுக்கு எடுத்ததும் அப்பிடித்தான். இன்னும் கொஞ்ச நாள் போனா எனக்கே மறந்து போவும். அதான் வரைஞ்சேன்.”

வருஷத் திதிக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அண்ணன் வீட்டுக்கு வருவார்கள். மூலப் படம் அண்ணனுக்கு. அம்மா படம் மூத்த மகன் வீட்டில் இருப்பதுதான் அவர்கள் வழக்கம். மற்ற ஊர்களில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் தனக்கும் அதே அளவில், அதே மாதிரி துணியில் பிரிண்ட். எந்தச் சுவரில் தொங்கினாலும் அம்மா இனிமேல் இந்த நிறத்தில் தொங்க வேண்டும், முக்கியமாக அண்ணன் வீட்டு ஹாலில். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெயிண்டிங்கைப் படம் எடுப்பது ஒரு பெரிய வேலையா என்று நானும் நினைத்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையுமாவது கண்ணைச் சிமிட்டுவார்கள், சொந்தக்காரர்கள் குறுக்கே வருவார்கள். பெயிண்டிங் சும்மா இருக்கும். ஆனால் ஆயில் பெயிண்டுக்கு மேல் வார்னிஷ் பூசியிருந்தது. கறுப்பான இடமெல்லாம் கண்ணாடி. முதல் படத்தை எடுத்துப் பார்த்தால் அம்மாவின் நெஞ்சில் ஜன்னல், அலமாரியில் டியூப் லைட், அரிசி டின்னுக்கு மேல் நான்.

எனவே அறையை இருட்டாக்கினோம். அக்கா யாரிடமோ சொல்லி லாரித் தார்ப்பாய் ஒன்றை வரவழைத்து ஜன்னலை மூடினார். படத்துக்கு இடமும் வலமுமாக இரண்டு லைட்டைச் சாய்த்து வைத்தேன். லைட்டுக்கு முன்னால் ஒரு ஃபிலிம் தாள், லென்ஸில் ஒரு ஃபில்டர். ஃபில்டரை மெல்லத் திருகினால் கறுப்பின் மேலிருந்த பளபளப்பு வடிந்துபோய் அடியிலிருக்கிற நிறம் மட்டும் நிற்கும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. கேமரா படத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, படத்தின் நடுவில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி வைத்தேன். கண்ணாடியின் நடுவில் லென்ஸே தெரிந்தால் சரி. நடு என்பது அம்மாவின் மூக்காக இருந்தது.

“அம்மை கண்ணாடியே பாக்க மாட்டா. நீ மூக்குலயே கொண்டு வச்சிட்டியே,” என்றார் அக்கா.

ஃபேன் போட முடியாது, படம் ஆடும். தார்ப்பாய்க்குள் இரண்டு பேரும் வெந்து கொண்டிருந்தோம். அக்கா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார். கேமராவில் என் வேர்வை விழுந்துவிடுமோ என்கிற பயத்தில்தான், பாசத்தில் இல்லை.

எல்லாம் சரியாக வைத்து எடுத்தால், படம் அசைந்திருந்தது. ஃபில்டருக்குள் வெளிச்சம் குறைவாகத்தான் வரும், அதனால் கேமரா கொஞ்ச நேரம் கண்ணை விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போனால் தரை நடுங்குகிறது, கேமரா ஸ்டாண்ட் நடுங்குகிறது, அம்மாவுக்கு மூக்கு இரண்டாகிவிடுகிறது. துறைமுகச் சாலையில் லாரி போகாத நேரம் என்று ஒன்று உண்டா? ஒன்று போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த லாரிகளில் பாதிச் சரக்கை நான்தான் படம் எடுக்கிறேன், அந்த நன்றிகூட இல்லையே என்று புலம்பினேன்.

“பொறு,” என்றார் அக்கா. “ரயில் கேட்ட இப்ப அடைப்பான்.”

கூட்ஸ் வருகிற நேரம் அவருக்கு அத்துப்படி. கேட் அடைத்தால் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்கு நடப்பார்கள். ரயில் வந்தால் அதுவும் ஆட்டும். ஆனால் கேட் அடைப்பதற்கும் ரயில் வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன அமைதி இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி ஓர் அமைதி இருப்பதை அத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை. கேட் மணி அடித்தது. லாரிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. அக்கா கையை உயர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். கடைசி இன்ஜினும் அடங்கியதும் கையைக் கீழே இறக்கினார். நான் எடுத்தேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தூரிகைக் கோடும் நின்றது. ஆனால் அக்காவின் முகம் சரியில்லை.

“என்னக்கா?”

“தொடச்சிட்டியே. அம்மை முகத்துல எண்ணெய் வடியும். வேர்த்துக்கிட்டே இருப்பா. இது பவுடர் போட்ட மாதிரி காஞ்சு கெடக்கு.”

அவர் சொன்னது சரிதான். பளபளப்பைக் கொல்லுகிறேன் என்று ஃபில்டரை முழுக்கத் திருகியதில், பெயிண்ட் மேடும் பள்ளமுமாக மின்னுவதையும் சேர்த்துக் கொன்றிருந்தேன். வேர்வையாகத் தெரிந்ததே அந்த மினுக்கம்தான். ஃபில்டரை ஒரு நூல் பின்னால் திருப்பினேன். நெற்றியில் ஈரம் வந்தது. இன்னும் ஒரு நூல். மூக்கு நுனியில் வந்தது. “அங்கனயே நிறுத்து,” என்றார் அக்கா. அடுத்த கேட்டுக்குக் காத்திருந்து, அப்படியே எடுத்தோம்.

படத்தைப் பெரிய துணியில் பிரிண்ட் போடுகிற அண்ணாச்சி பஜாரில் இருக்கிறார். கட்சி பேனர், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர்தான். என் ஆல்பங்களும் அவரிடம்தான் போகும். வாய் நிறையப் பேசுவார், வேலை சுத்தமாக இருக்கும். ஃபைலைக் கொடுத்து, முதலில் ஒன்று மட்டும் சாம்பிள் போடச் சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அக்கா நேரே போய் வாங்கிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போனால் பிரிண்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“இது யாருளா?” என்றார்.

கடை அதே கடை. சேலை அதே சேலை. கல்லாவில் மட்டும் யாரோ ஒரு மாநிற அம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி, சிரித்தால் கடன் கொடுப்பார் போலிருந்தது. வேர்வை இல்லை. கன்னத்தில் லேசாகச் சிவப்புகூட இருந்தது.

எத்தனை கேட்டுக்குக் காத்திருந்தோம்! ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே பஜாருக்குப் போனேன்.

“அண்ணாச்சி, என்ன செஞ்சிய அந்தப் படத்த?”

அவர் முகமெல்லாம் மலர்ந்தது. “பாத்தியளா? முகம் ரொம்ப அடைஞ்சு கெடந்துச்சு. நம்ம கல்யாணப் பொண்ணுகளுக்குப் போடுத செட்டிங்க போட்டு நல்லா வெளுப்பாத் தூக்கி விட்டேன். தனியா ஒண்ணும் கேக்கல, நம்ம பிள்ளைக்குத்தானன்னு செஞ்சேன்.”

அவரைத் திட்டவும் முடியவில்லை. கல்யாண ஃபைலை அவரிடம் அனுப்பும்போதெல்லாம் ‘கொஞ்சம் தூக்கி விடுங்க அண்ணாச்சி’ என்று சொல்கிற வாய் என்னுடையதுதான். இருந்தாலும் திட்டினேன். பெயிண்டிங்கில் கை வைப்பார்களா, வரைந்தவர் மனசு என்ன பாடுபடும் என்றெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க அம்மை படத்துக்கும் நான் அப்பிடித்தான் போட்டேன்,” என்றார். நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

இதற்குள் இன்னொரு வினை. அன்று சாயங்காலம் அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார், திதிக்கு என்ன சமையல் என்று பேச. மேஜையில் சாம்பிள் பிரிண்ட். நான் பஜாரிலிருந்து திரும்பியபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய உருவம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால் சுவரில் அசல் படம் இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

“இதுதான் அம்மை,” என்றார். “இதையே எல்லாத்துக்கும் போட்டுக் குடு.”

“அது தப்பாப் போட்டதுண்ணே. சொவத்துல இருக்கத பாரு.”

அவர் பாதி மட்டும் திரும்பிப் பார்த்தார். “நல்லாத்தான் வரைஞ்சிருக்க. யாரு இல்லன்னா? ஆனா இவ்வளவு கறுப்பா போட்டு ஹால்ல தொங்க விட்டா வாரவன் போறவன் என்ன சொல்லுவான்? பொண்ணு பாக்க வேற ஆள் வாராவ.”

அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அப்படியே பாட்டியின் நிறம். அவளுடைய படத்தையும் நான்தான் எடுத்திருந்தேன். அதைத் தூக்கிவிடச் சொன்னவரும் இவர்தான்.

“நீ என்னமும் செய். எனக்கு இது போதும்,” என்று சாம்பிள் பிரிண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்கா தடுக்கவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, சுவரில் இருந்த படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

“இத அவனுக்குன்னுதான் வரைஞ்சேன்,” என்றார். “மத்தவுகளாவது அப்ப சின்னப் பிள்ளைக. அம்மை கூடவே கடையில நின்னவன் அவந்தான்.”

அக்கா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. எனக்குத்தான் அந்த அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். மற்ற பிரிண்டுகளையாவது இம்மி பிசகாமல் போட்டுக் காட்டுவது என்று எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது.

மறுநாள் அசல் படத்தைப் போர்வையில் சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி அண்ணாச்சி கடைக்கே கொண்டுபோனோம். நான் என் கலர் அட்டையை எடுத்துக்கொண்டேன், நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அக்கா கைப்பையிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். வரைந்தபோது அதைத்தான் தட்டில் வைத்துக்கொண்டு நிறம் கலந்தாராம். கறுப்பு ட்யூபைத் திறக்கவே இல்லையாம். “வெளிய பாத்தா கறுப்பு. ஒடச்ச இடத்த வெயில்ல பிடி, உள்ள செவப்பு தெரியும். அம்மை அந்த நெறம்,” என்றார். அண்ணாச்சி கருப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குள் இருந்த வியாபாரி போய் வேலைக்காரர் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

கல்யாண செட்டிங்கைக் கழற்றிவிட்டு, துணியின் ஓரத்தில் முகத்தை மட்டும் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டார். ஒன்றில் கறுப்பு கரியாகிவிட்டது, உள்ளே சிவப்பில்லை. ஒன்றில் சிவப்பு கூடி அம்மாவுக்குக் காய்ச்சல். ஒவ்வொன்றையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் அசல் படத்துக்கும் கருப்பட்டிக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று யோசனை சொன்னார்கள். நடுவில் அண்ணாச்சி காப்பி வரவழைத்தார். காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் கருப்பட்டி பாதியாகியிருந்தது. “உடன்குடிக் கருப்பட்டில்லா, வாய் சும்மா இருக்குமா?” என்றார். மிச்சத்தை அக்கா கையிலேயே பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு துண்டை வெயிலில் பிடித்தபோது அண்ணாச்சி ஓரடி பின்வாங்கி, “அம்மாடி, முறைக்காவளே,” என்றார்.

அந்த அளவிலேயே எல்லாவற்றையும் போட்டு, அசலைப் போலவே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேலே வார்னிஷும் அடித்துக் கொடுத்தார். எடுத்துவரப் போனபோது எது அசல் என்று தேட வேண்டியிருந்தது. பின்பக்கம் திருப்பி, அக்காவின் பெயிண்ட் கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

திதியன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் வீட்டு ஹாலில் அந்த வெளுத்த பிரிண்ட், கண்ணாடிச் சட்டம் போட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. மாலை, குத்துவிளக்கு, வாழையிலையில் பலகாரம் எல்லாம் அதற்கு முன்னால். அக்கா சண்டை போடவில்லை. ஆட்டோவிலிருந்து தன் படங்களை இறக்கி, அசல், பிரிண்ட் எல்லாவற்றையும் பக்கத்துச் சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். தம்பி தங்கைகள் வந்து வந்து பார்த்தார்கள். ஒரு தங்கை பார்த்த உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அண்ணன் மட்டும் பந்தலையும் சமையல்காரரையும் கவனித்துக்கொண்டு, அந்தச் சுவர்ப் பக்கம் வராமலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

விளக்கேற்றுவதற்கு முன் மூத்த மகன் படத்துக்குச் சந்தனம் வைக்க வேண்டும். சந்தனக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் முக்காலியைச் சுற்றி வந்து நின்றார்கள். அவரும் முக்காலியை நோக்கித்தான் நடந்தார். வழியில் சுவரோரம் இருந்த வரிசையைப் பார்த்து நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, அவ்வளவு பெரிய உடம்போடு, ஒரு படத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கடைப் பையன் கல்லாவுக்கு முன்னால் உட்காருவது போலத்தான் இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்மைக்கு வேர்க்குதுளா,” என்றார், யாரையும் பார்க்காமல். “ஃபேனப் போடுங்க.”

யாரோ போய் ஃபேனைப் போட்டார்கள். அவர் கட்டைவிரலில் சந்தனத்தைத் தொட்டு, அம்மாவின் நெற்றியில் அழுத்தி வைத்தார்.

சமையல்கட்டிலிருந்து வந்த அக்கா அலறினார். “அண்ணே! அது ஒரிஜினலு!”

அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். “நான் பிரிண்டுன்னுல்லா நெனச்சேன்!”

அக்கா பஞ்சை எடுக்க உள்ளே ஓடினார். ஆயில் பெயிண்டில் ஈரச் சந்தனம் காய்ந்தால் வார்னிஷ் வெளுத்துவிடும் என்று நான் வேறு நேரம் காலம் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சோடு வந்தவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணன், கட்டைவிரலில் சந்தனத்தோடு, கடையில் எதையோ உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த விரலைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். பஞ்சை இடுப்பில் செருகிக்கொண்டு, “போ, போயி வெளக்க ஏத்து,” என்றார்.

விளக்கை முக்காலிக்கு முன்னாலிருந்து எடுத்து இந்தப் படத்துக்கு முன்னால் வைத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முக்காலியில் இருந்த அம்மாவைப் பற்றி அன்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாயசப் பாத்திரம் வைக்க இடம் வேண்டும் என்று யாரோ அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன் மகள் பாட்டி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் செல்ஃபி எடுத்தாள். போன் தானாகவே இரண்டு பேரையும் வெளுப்பாக்கிவிட்டது. “சீ, இது ஒண்ணு,” என்று எதையோ தேடி அணைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். அவள் அப்பா சோற்றைப் பிசைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும்போது வந்தது வம்பு. தம்பி தங்கைகள் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அண்ணன் படத்தில் மட்டும் பொட்டு இருக்கிறதே, எங்களுக்கு எங்கே என்று கேட்டார்கள். ஆளுக்கொரு விரல் சந்தனம் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். அது ஆகாதாம், அண்ணன் வைத்த அதே பொட்டுதான் வேண்டுமாம். அக்கா சிரித்துக்கொண்டே நின்றார்.

“இன்னொரு தடவ எடுளா,” என்றார். “கேட்ட நான் பாத்துக்கிடுதேன்.”

மறுபடியும் தார்ப்பாய், மறுபடியும் மூக்கில் கண்ணாடி, மறுபடியும் லாரிகள். கேட் அடைத்த நேரத்தில், வேர்வையும் பொட்டுமாக அம்மாவை எடுத்தேன். ஃபைலை அண்ணாச்சிக்கு அனுப்பிவிட்டு, எதிலும் கை வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டேன். நனைந்த மூட்டை ஒன்றுக்கு முன்னால் நிற்கும்போது போன் வந்தது.

“ஒண்ணும் செய்யலம்மா, கேக்கத்தான் செய்யுதேன்,” என்றார் அண்ணாச்சி. “நெத்தியில ஒரு கறை மாதிரி இருக்கு. கோணலா வேற இருக்கு. லேசா எடுத்து விட்டுரட்டுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றேன். “அது அவுக மவன் வச்சது.”